பதினோரு முறை அமுக்கிய விரல்

கழிவறைத் தொட்டி ஒன்பது நாளாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு துப்பறியும் அலுவலகத்துக்கு இதைவிட அவமானம் வேறு வேண்டியதில்லை. ஊரார் தொலைத்ததையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர்களுக்குத் தங்கள் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியவில்லை. உதவியாளன் நெட்டை போன வாரம் ஒருநாள் தானே சரிசெய்யப் போய், சட்டை நனைந்ததோடு அந்த முயற்சியைக் கைகழுவியிருந்தான்.

இப்போது அவனுக்கு வேறு கவலை.

"மேடம், இந்த போனுக்கு என்னமோ ஆயிடுச்சு. எதைத் திறந்தாலும் மெத்தை விளம்பரம். செய்தி படிச்சா மெத்தை. பாட்டு கேட்டா மெத்தை. பஸ் எப்ப வரும்னு பார்த்தா, பஸ்ஸுக்கு முன்னாடி மெத்தை வருது."

"நீ ஆபீஸ்ல தூங்குறது அதுக்கும் தெரிஞ்சிருக்கு," என்றார் பூதக்கண்ணாடி, கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

பூதக்கண்ணாடி என்பது ஊர் அவருக்கு வைத்த பெயர். ஐம்பது வயது, முன்னாள் காப்பீட்டு ஆய்வாளர். எரிந்த கடையைப் பார்க்கப் போனால் சாம்பலைப் பார்க்கமாட்டார், முதலாளியின் முகத்தைப் பார்ப்பார். பூதக்கண்ணாடி ஒன்றை அவர் கையால் தொட்டதுகூட இல்லை. "கண்ணுக்கு முன்னால இருக்கிறதைப் பார்க்கவே ஆள் இல்ல. அதை எதுக்குப் பெருசாக்கிப் பார்க்கணும்?" என்பார்.

கதவு தட்டப்படவில்லை, திறந்தது. காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் ஒரு மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். அவள் பின்னால் முப்பது வயதுக்காரன் ஒருவன், கையில் ஒரு நோட்டுப் புத்தகம். திருடனைப் பிடித்துவிட்டு பூமாலைக்குக் காத்திருக்கிறவன் முகம்.

"'சொட்டு'ன்னு ஒரு வெப்சைட் கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்றாள் அவள். "வீட்டுல எது ஒழுகினாலும் அதுல வழி இருக்கும். எழுதுறது நான். படிக்கிறவங்க என்னைக் குழாயக்கான்னு கூப்பிடுவாங்க. படம் வரையுறது என் வீட்டுக்காரர், பிளம்பர். இவன் என் தம்பி, சைட்டைப் பார்த்துக்கிறவன். ஆறு வருஷம். நானூத்திப் பதிமூணு ஒழுக்கு எழுதியிருக்கேன் மேடம். இன்னைக்கு அஞ்சு மணியோட எல்லாம் முடிஞ்சுடும்."

கடிகாரம் இரண்டே கால் காட்டியது.

தளம் நடப்பது விளம்பரங்களால். அவற்றைக் கொடுக்கும் விளம்பர நிறுவனத்திலிருந்து மூன்று நாள் முன்பு ஒரு மடல் வந்திருந்தது. உங்கள் தளத்தில் விளம்பரங்கள் வாசகரை ஏமாற்றும் விதமாக அமுக்கவைக்கப்படுகின்றன. போன செவ்வாய்க்கிழமை ஒரே கைபேசியிலிருந்து ஒரே விளம்பரம் பதினோரு முறை அமுக்கப்பட்டிருக்கிறது. இவற்றுக்குக் காரணம் என்ன, செய்தது யார், எப்படித் திருத்தினீர்கள் என்று திங்கள் மாலை ஐந்துக்குள் எழுதுங்கள். முறையீடு ஒரே ஒரு முறைதான். தவறினால் உங்கள் தளத்தை இனி எந்நாளும் சேர்க்கமாட்டோம்.

"அவங்க ரூல்ஸ் எல்லாம் எனக்கு மனப்பாடம் மேடம். ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சிருக்கேன்," என்றாள் குழாயக்கா. "விளம்பரத்தை ஒட்டிப் படம் வைக்கக் கூடாது. அதைப் பார்த்து அம்புக்குறி போடக் கூடாது. 'அமுக்கி ஆதரவு தாங்க'ன்னு கெஞ்சக் கூடாது. மேல 'விளம்பரங்கள்'னு போடலாம், 'விளம்பரதாரர் இணைப்புகள்'னு போடலாம். 'நமக்குப் பிடித்தவை'ன்னு கொஞ்சக் கூடாது."

"கெஞ்சவும் கூடாது, கொஞ்சவும் கூடாதா?" என்றான் நெட்டை. "கல்யாணமாகிப் பத்து வருஷமான வீடு மாதிரி இருக்கே."

"இப்ப பாதி வீடுதான் இருக்கு. கட்டினவர் மூணு நாளா கடையில படுத்திருக்கார்."

தம்பி முன்னால் வந்தான். "படுக்காம என்ன செய்வார்? செஞ்சது அவர்தானே! பதிலைக்கூட எழுதி வெச்சிட்டேன்." அவன் வாசித்தான்: "'குற்றம் செய்தவர் என் அக்காவின் கணவர். அவரை நீக்கிவிட்டோம்.'"

"நீக்கிட்டீங்களா? எதுலேருந்து?" என்றார் பூதக்கண்ணாடி.

"வீட்டுலேருந்து."

குழாயக்கா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "அவர் செஞ்சாரா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க மேடம். செஞ்சிருந்தா இதை அனுப்பிடறேன். செய்யலைன்னா இவனை அனுப்பிடறேன்."

தம்பியின் கையிலிருந்த ஆதாரங்கள் இரண்டு. முதலாவது, தளத்தில் யார் எப்போது எதை அமுக்கினார்கள் என்று பதிவாகும் பட்டியல். பத்தொன்பது நாளாக ஒரே பக்கத்தில் அமுக்கல் தாறுமாறாக ஏறியிருந்தது. 'ஃபிளஷ் டேங்க் நிற்காமல் ஓடுகிறதா?' என்ற பக்கம். எல்லாம் கைபேசியிலிருந்து, கணினியிலிருந்து ஒன்றுகூட இல்லை. பெரும்பாலும் காலை ஆறிலிருந்து எட்டுக்குள்.

"அத்தான் தினமும் ஆறு மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்குத்தான் வருவார்," என்றான் தம்பி. "இது ரெண்டாவது. அவரோட நோட்டு. நீங்களே பாருங்க."

நெட்டை எட்டிப் பார்த்தான். குண்டு குண்டான கையெழுத்து:

பச்சைக் கதவு வீடு – மூணு தடவை அமுக்கியாச்சு.
மாடி டாக்டர் – மூணு தடவை அமுக்கியாச்சு.
நாய் வீடு – ரெண்டு தடவை அமுக்கியாச்சு. மூணாவதுக்குள் நாய் வந்துவிட்டது.

"வீடு வீடாப் போய், ஆளைப் பிடிச்சு, பொண்டாட்டி சைட்டை அமுக்க வெச்சிருக்கார். கணக்கு வேற!"

பூதக்கண்ணாடி நோட்டைப் பார்க்கவில்லை, பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய், காலை ஒன்பது இருபது, கைபேசி, நான்கு நிமிடத்தில் பதினோரு முறை. அந்த வரியின் மேல் அவர் விரல் நின்றது.

"சொல்லி வெச்சு அமுக்குறவன் ஒரு தடவை அமுக்கிட்டு வேலையைப் பார்க்கப் போயிடுவான். பதினோரு தடவை அமுக்குறவன் யாரோ சொல்லி அமுக்குறவன் இல்ல, நெட்டை. ஏதோ ஒண்ணு நடக்கணும்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு அமுக்குறவன்."

"லிஃப்ட் வரலைன்னா பட்டனைப் போட்டுக் குத்துவோமே, அந்த மாதிரியா?"

"அதே. நீ நல்லாவே சொல்ற," என்றார் அவர். உள்ளேயிருந்து தொட்டி ஸ்ஸ்ஸ் என்றது. "கிளம்பு. பிளம்பரைப் பார்ப்போம்."

பிளம்பரின் கடை ஒரு வண்டி நிறுத்துமிடத்தின் அளவுதான். சுவரோரம் வெள்ளை வெளேரென்று ஏழு கழிவறைப் பீங்கான்கள் வரிசையாக இருந்தன. நடுவில் இருந்ததன் மூடியைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார் ஒரு பெரிய உடம்புக்காரர்.

"அரியணையில இருக்கார் மேடம். ராஜ்ஜியம் போனாலும் ஆசனம் போகல," என்றான் நெட்டை மெதுவாக.

குழாயக்கா கூரையைப் பார்த்தாள். "டேய், அவர் மத்தியானம் சாப்பிட்டாரான்னு கேளு."

"அத்தான், அக்கா சாப்பிட்டீங்களான்னு கேக்குறா."

"கையில ரொட்டி இருக்குன்னு சொல்லு மாப்ள."

"ரொட்டி ஒரு சாப்பாடான்னு கேளுடா!"

"தபால் போக்குவரத்தைக் கொஞ்சம் நிறுத்துங்க," என்றார் பூதக்கண்ணாடி. நோட்டை நீட்டினார். "நாய் வீட்டுல என்ன ஆச்சு?"

பிளம்பர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கால்சட்டையைச் சற்றே தூக்கினார். கெண்டைக்காலில் நான்கு பல்லின் தடம். "வேலை முடிஞ்சா மூணு தடவை ஃபிளஷ் பண்ணிப் பார்க்காம நான் படியிறங்க மாட்டேம்மா. அது தொழில் பழக்கம். ஒரு தடவை எந்த டேங்கும் ஒழுங்கா நிக்கும். மூணாவது தடவைதான் வாஷரோட யோக்கியதை தெரியும். அந்த நாய்க்கு ஃபிளஷ் சத்தம் ஆகாது. ரெண்டாவதுக்கே வந்துடுச்சு."

தம்பியின் முகத்திலிருந்த மாலை வாடத் தொடங்கியது. "அப்போ காலையில ஆறிலேருந்து எட்டு?"

"ஊர்ல எல்லா டேங்கும் அப்பத்தானே மாப்ள வேலை செய்யுது? எனக்கு போன் வர்ற நேரமும் அதான்."

"தண்ணி ஓடுற வீட்டுக்காரங்க உங்க சைட்டைத் திறக்கிற நேரமும் அதான்," என்றார் பூதக்கண்ணாடி. அவர் கண் சுவருக்குப் போயிருந்தது. அங்கே பிளம்பர் தளத்துக்காக வரைந்த படங்கள் பென்சில் கோடுகளில் ஒட்டப்பட்டிருந்தன. தொட்டிகள், வளைவுகள், வால்வுகள். ஒவ்வொன்றிலும் தடித்த சிவப்பில் ஒரு அம்பு. அந்த அம்புகள் படத்தோடு நிற்கவில்லை. காகிதத்தின் விளிம்புவரை ஓடியிருந்தன. இரண்டு மூன்று காகிதத்தைத் தாண்டிச் சுவரிலேயே இறங்கியிருந்தன.

"இது ஏன் இவ்வளவு நீளம்?"

"அம்பை நடுவுல நிறுத்தினா தண்ணியும் நடுவுல நின்னுடும்மா. அடுத்த துண்டு எங்க தொடங்குதோ அது வரைக்கும் அம்பு போகணும். அப்பத்தான் கூட வேலை செய்யுறவனுக்கு, இது முடிஞ்சா எதைத் தொடணும்னு தெரியும். நான் கத்துக்கிட்ட நாள்லேருந்து அப்படித்தான்."

"தம்பி, அந்த ஃபிளஷ் டேங்க் பக்கத்தைத் திறங்க."

மடிக்கணினியில் பக்கம் திறந்தது. மூன்றாம் படி: ஒரு தொட்டியின் படம், கீழே விளிம்புவரை ஓடும் சிவப்பு அம்பு, அதன் அருகே 'விரலால் இங்கே மூன்று முறை அமுக்கவும்' என்ற குண்டுக் கையெழுத்து. அம்பு போய் முட்டிய இடத்தில், தொட்டிப் பொத்தானின் புகைப்படம். விளம்பரம் எங்கோ வலது ஓரத்தில், தனிக் கட்டத்தில், தலைமேல் 'விளம்பரங்கள்' என்ற பட்டையோடு, நல்ல பிள்ளையாகக் கைகட்டி நின்றது.

"பார்த்தீங்களா? ஒரு குறை சொல்ல முடியாது," என்றான் தம்பி.

"முடியாது. நெட்டை, உன் போன்ல திற."

நெட்டை திறந்தான். 'சொ' என்று தட்டியதுமே மீதியைக் கைபேசி தானே எழுதிக்கொண்டது. அந்தத் தொட்டியை அவன் எங்கேயோ பார்த்திருக்கிறான். அந்தக் குண்டுக் கையெழுத்தையும்.

"என்ன தெரியுது? சத்தமாச் சொல்லு."

"டேங்க் படம். கீழ அம்பு. 'விரலால் இங்கே மூன்று முறை அமுக்கவும்.' அதுக்குக் கீழ..." அவன் திரையை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினான். "அதுக்குக் கீழ ஒரு விரல், வெள்ளையா ஒண்ணை அமுக்குது மேடம்."

"என்ன அது?"

"மெத்தை."

எல்லோரும் அந்தச் சின்னத் திரையின்மேல் குனிந்தார்கள். அம்பு நேராக மெத்தை விளம்பரத்துக்குள் இறங்கியது. விளம்பரத்திலிருந்த விரல், ஆசிரியர் சொன்னதைச் செய்யும் மாணவன்போல், பஞ்சு மெத்தையை ஆழமாக அமுக்கிக் காட்டியது. உண்மையான பொத்தான் அதற்கும் கீழே, யாரும் தேடாத இடத்தில் கிடந்தது. விளம்பரத்தின் தலைமேல் ஒரு எழுத்துகூட இல்லை.

"அம்புக்குறி, ஒட்டினாப்ல படம், அமுக்குன்னு கட்டளை. ஃபிரிட்ஜ் கதவுல இருக்கிற எல்லாம் ஒரே இடத்துல!" குழாயக்கா தலையில் கைவைத்தாள். "நான் போட்ட 'விளம்பரங்கள்' எங்கடா?"

தம்பி நோட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். "போன்ல இடம் பத்தலக்கா. வலது பக்கம் இருக்கிறது கீழதான் வரும். கடைசில யாரும் பார்க்க மாட்டாங்களேன்னு நடுவுல தூக்கி வெச்சேன். அப்போ அந்தத் தலைப்பு உடைஞ்சுடுச்சு. 'விளம்பரங்'னு ஒரு வரி, 'கள்'னு ஒரு வரி. 'கள்' மட்டும் தனியாத் தொங்கினது பார்க்க அசிங்கமா இருந்துது. அதனால போன்ல மட்டும்..."

"மறைச்சுட்டே."

"'கள்'ளை மட்டும் விட்டிருந்தா கூட்டம் இன்னும் அள்ளியிருக்குமே தம்பி," என்றான் நெட்டை. பழக்கதோஷத்தில் சொன்னானே தவிர, குரலில் வழக்கமான தெம்பு இல்லை.

"எத்தனை நாளாச்சு மறைச்சு?" என்றார் பூதக்கண்ணாடி.

தம்பி பீங்கான்களைப் பார்த்துப் பதில் சொன்னான். "பத்தொன்பது நாள்."

குழாயக்கா தம்பியைப் பார்த்த பார்வையில் ஒரு வாஷர் உருகியிருக்கும். "மூணு நாளா அந்த மனுஷனைக் கக்கூஸ் மேல படுக்க வெச்சியேடா!"

"விடு மாப்ள," என்றார் பிளம்பர் எழுந்து. "ஒழுக்கு எப்பவும் இணைப்புலதான் வரும். என் அம்பு மேலயும் தப்பில்ல, உன் சைட்டு மேலயும் தப்பில்ல. ரெண்டும் சேர்ந்த இடத்துலதான் பிரிச்சுக்கிச்சு. மூணே முக்கால் ஆச்சு, அதை அடைக்கிற வழியைப் பாரு."

தம்பியின் விரல்கள் பறந்தன. மெத்தை நான்காம் படிக்கும் கீழே, குறிப்புகளெல்லாம் முடிந்த பிறகு, இரண்டு விரற்கடை வெற்றிடம் விட்டுக் குடியேறியது. தலைப்பின் எழுத்து சற்றுச் சிறுத்து, 'விளம்பரங்கள்' கள்ளோடு சேர்ந்து ஒரே வரியில் உட்கார்ந்தது. ஒவ்வொரு திருத்தத்தையும் பூதக்கண்ணாடி கைபேசியில்தான் பார்த்தார். கணினிப் பக்கம் திரும்பவே இல்லை.

நான்கு நாற்பதுக்கு முறையீட்டின் கடைசிக் கட்டம் வந்தது. அதில் ஒரே கேள்வி: செவ்வாயன்று பதினோரு முறை அமுக்கியவர் யார்? உங்கள் குடும்பத்தாரா, உங்களால் தூண்டப்பட்டவரா?

குழாயக்காவின் கை விசைப்பலகைமேல் நின்றுவிட்டது. "இதுக்கு என்ன எழுதுறது? யாரோன்னு எழுதினா நம்புவாங்களா? ஊர்ல எத்தனை போன் இருக்கு!"

"போன் நிறைய இருக்கு. ஒன்பது இருபதுக்கு டாய்லெட்டோட மல்லுக்கட்டுற ஆள் அவ்வளவு இல்ல," என்றார் பூதக்கண்ணாடி. "காலைக்கடன் எட்டோட முடிஞ்சிடுது. ஒன்பது இருபதுன்னா அது வீடு இல்ல, ஆபீஸ். ஆபீஸ்ல ஒழுகினா முதலாளி ஆளை அனுப்பிச் சரிபண்ணிடுவாங்க. பண்ணலைன்னா அது கஞ்ச முதலாளி." அவர் லேசாக இருமினார். "போன்ல மெத்தைக் கடைக்குள்ள ஒருத்தன் ஒரு தடவை போயிட்டாப் போதும், அப்புறம் அந்த மெத்தை அவனை விடாது. போற இடமெல்லாம் வரும். செய்தி படிச்சா வரும். பஸ்ஸுக்கு முன்னாடி வரும். நெட்டை, உன் சட்டை நனைஞ்சது என்ன கிழமை?"

நெட்டை பக்கத்திலிருந்த பீங்கானின்மேல் மெல்ல உட்கார்ந்தான்.

"செவ்வாய், மேடம்."

ஆறு கண்கள் அவன்மேல் பாய்ந்தன.

"நான் வேணும்னு செய்யலங்க! கை ஈரம். டேங்க் கத்துது. 'மூணு தடவை அமுக்கு'ன்னு போட்டிருக்கு, அம்பு காட்டுது, விரல் வேற அமுக்கிக் காட்டுது. வீடியோ வரும்னு அமுக்கினேன். மெத்தைக் கடை வந்துது. மூடிட்டு மறுபடி அமுக்கினேன். மறுபடி மெத்தை. நல்லா அமுக்கலையோன்னு நினைச்சேன்."

"பதினோரு தடவையா?" என்றாள் குழாயக்கா.

"கட்டை விரல்ல நாலு தடவை மாத்திப் பார்த்தேன்க்கா."

பிளம்பர் சிரிக்கத் தொடங்கினார். அவர் உடம்புக்குச் சிரிப்பு வந்து சேரச் சற்று நேரமாகும். வந்தபின் நிறுத்தும் வால்வு கிடையாது. அலமாரியில் வாஷர்கள் குலுங்கின.

"எழுதுங்க," என்றார் பூதக்கண்ணாடி குழாயக்காவிடம். "அமுக்கியவர் எங்கள் குடும்பத்தாரும் அல்லர், நாங்கள் தூண்டிய ஆளும் அல்லர். தலைப்பு இல்லாததால் விளம்பரத்தைத் தொட்டிப் பொத்தான் என்று நம்பிய ஒரு பொதுமகன். சாட்சியாக அவரே கீழே கையெழுத்திடுகிறார்."

"பொதுமகன்னு போடுங்க, தொழிலைப் போடாதீங்க," என்று கெஞ்சினான் நெட்டை.

"தொழில் முக்கியம். 'துப்பறிவாளரின் உதவியாளர்'னு போடுங்க. துப்பறியுறவனுக்கே தெரியலைன்னா வாசகனுக்கு எப்படித் தெரியும்? இதைவிட நல்ல வாதம் கிடைக்காது."

தம்பி, தான் எழுதி வைத்திருந்த வரியை அழித்தான். 'குற்றம் செய்தவர் என் அக்காவின் கணவர்' இருந்த இடத்தில், 'தலைப்பை மறைத்தவன் நான்' என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். நான்கு ஐம்பத்தேழுக்கு மடல் போனது.

குழாயக்கா முதல்முறையாகக் கூரையிலிருந்து கண்ணை இறக்கிப் புருஷனைப் பார்த்தாள். "ஏங்க, அந்த ரொட்டியைத் தூக்கிப் போட்டுட்டு வாங்க. வீட்டுக்குப் போலாம்."

"ஒரு வேலை பாக்கி இருக்கும்மா," என்றார் பிளம்பர், பைக்குள் குறடைப் போட்டபடி. "இவங்க ஆபீஸ்ல ஒண்ணு ஒழுகுதே."

பதில் ஆறரைக்கு வந்தது. அப்போது பிளம்பர் அலுவலகக் கழிவறையில் முழங்கைவரை தொட்டிக்குள் இருந்தார். குழாயக்கா வாசலில் நின்று கைபேசியிலிருந்து உரக்கப் படித்தாள். முறையீடு ஏற்கப்பட்டது, தளம் தொடரலாம், சாட்சியின் வாக்குமூலத்தை எங்கள் பயிற்சி வகுப்புகளில் உதாரணமாகப் பயன்படுத்த அனுமதி வேண்டும். தம்பி, அக்கா முதுகுக்குப் பின்னால் நின்று, "நன்றி அத்தான்," என்று கழிவறைச் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"ஆச்சு. மிதவை மாட்டிக்கிட்டிருந்துது, அவ்வளவுதான்," என்றார் பிளம்பர். "உசரமான தம்பி, நீங்க வாங்க. மூணு தடவை அமுக்கிப் பாருங்க."

எல்லோரும் வாசலில் கூடினார்கள். ஒன்பது நாளில் முதல்முறையாகத் தொட்டி வாய்மூடியிருந்தது. நெட்டை விரலை நீட்டியபடி பொத்தானை நெருங்கினான். பாதி வழியில் விரல் நின்றது. அவன் குனிந்து, தொட்டியின் நெற்றியில் எங்கேயாவது 'விளம்பரங்கள்' என்று எழுதியிருக்கிறதா என்று நன்றாகப் பார்த்துக்கொண்ட பிறகுதான் அமுக்கினான்.